அடித்த கையா, அனுப்பிய சட்டமா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் அலபாமா மாநிலம், டல்லாஸ் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), செல்மா நகரம். அங்கே 1960-களில் வாக்குரிமை கேட்டுக் கறுப்பின மக்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் ஷெரீப், அதாவது கவுண்டியின் காவல் தலைவர், ஜிம் கிளார்க்கின் வெறிதான் காரணம் என்றது எதிரணி. சட்டமும் நிர்வாகமும்தான் காரணம் என்கிறோம் நாங்கள்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "சட்டப் புத்தகமா எழுந்து வந்து அடித்தது?" நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அடி விழுந்த இடத்துக்கே போவோம்.

1965 ஜனவரி 25. நீதிமன்ற வாசலில் நீண்ட வரிசை. அதில் 54 வயது ஆனி லீ கூப்பர். 1963-ல் இதே வரிசையில் நின்றார் என்பதற்காக வேலையை இழந்தவர். வேலை போன பிறகும் வந்து நிற்கிறார்! கிளார்க் வருகிறார். தடியால் ஒரு குத்து, 'கலைந்து போ' என்று ஓர் அதட்டல். அந்த அம்மா திரும்பினார். விட்டார் பாருங்கள், ஷெரீப்பின் முகத்தில் ஒரு குத்து! துப்பாக்கி வைத்திருப்பவன், பின்னால் ஒரு படையே வைத்திருப்பவன், ஆடிப்போனான். பிறகு உதவியாளர்கள் அவரைத் தரையில் அமுக்கிப் பிடிக்க, கிளார்க் தடியால் அடித்தான். அந்தப் படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது.

அடித்தது கிளார்க்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மா எதற்காக அங்கே நின்றார்? வாக்காளராகப் பதிய. அந்த நீதிமன்றக் கட்டடத்தில் இருந்த பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள் திறக்கும். அதிகாரிகள் தாமதமாக வருவார்கள், மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தால் திரும்பி வர நேரமாகும். உள்ளே போனால் நீண்ட படிவம், பிறகு அரசியல் சாசனத் தேர்வு. தேறினாரா இல்லையா என்பது அதிகாரியின் விருப்பம். வாக்களிக்கும் வயதில் சுமார் 15,000 கறுப்பினத்தவர் இருந்த கவுண்டியில் 1961-ல் பதிவானவர்கள் 156 பேர். இதில் தடி எங்கே இருக்கிறது ஐயா? மேசையும் பேனாவும்தானே இருக்கின்றன!

ஷெரீப் தேர்தலில் ஜெயித்து வரும் பதவி. கறுப்பினத்தவரைப் பட்டியலில் சேர்க்காத அந்த மேசைதான் கிளார்க்கை ஜெயிக்க வைத்தது. ஜெயித்தவன் அந்த மேசைக்குக் காவல் நின்றான். கிளார்க் கெட்டவன் என்பதால்தான் எல்லாம் என்றால், ஜார்ஜியாவின் ஆல்பனியைப் பாருங்கள். 1962-ல் அங்கே காவல் தலைவர் லாரி பிரிட்செட் தடியை ஓங்கவில்லை. அமைதியாக நூற்றுக்கணக்கான போராட்டக்காரர்களைக் கைது செய்து, பக்கத்துக் கவுண்டிச் சிறைகளுக்கெல்லாம் பிரித்து அனுப்பினார். கறுப்பினத்தவரை ஒதுக்கி வைத்த இனப் பிரிவினை அப்படியே நீடித்தது.

சட்டப் புத்தகம் எழுந்து வருமா என்று கேட்டீர்களே, வந்தது! 1965 ஆகஸ்ட் 6, வாக்குரிமைச் சட்டம். மத்திய அதிகாரிகள் செல்மாவுக்கே வந்து பதிந்தார்கள். ஆயிரக்கணக்கில் வாக்காளர்கள் சேர்ந்தார்கள். 1966 மே மாதம் ஷெரீப் பதவிக்கான கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். கிளார்க்கை எதிர்த்து நின்றவர் வில்சன் பேக்கர்.

நடுவர் அவர்களே, வாழ்நாளில் முதல்முறையாக வாக்குப் போட வந்த தாய்மாரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அடிக்கும் அவமானத்துக்கும் பிறகு கைக்கு வந்த வாக்கு! அதையும் விட்டார்களா? கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளின் ஆறு பெட்டிகளை எண்ண மாட்டோம் என்றது உள்ளூர்க் கட்சிக் குழு. கிளார்க் ஒருவன் அல்ல, ஒரு குழு! அந்தத் தாய்மார் பெற்ற வாக்கைக் குப்பையில் போடப் பார்த்தது. கூட்டாட்சி நீதிமன்றம் எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். கிளார்க் தோற்றான்.