காதோரம் தொடங்கும் நரை

நேயர்களுக்கு வணக்கம். நாடகக் குழுக்களுக்கும் பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் ஒப்பனை செய்து வருகிறேன். இளம் தலையை ஒரு மாலைப்பொழுதுக்கு மட்டும் நரைக்க வைப்பது எப்படி என்று இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு பள்ளி விழா. எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தாத்தா வேடம். நான் போய்ச் சேர்வதற்குள், அவசரத்தில் தலை முழுக்க டால்கம் பவுடரைக் கொட்டியிருந்தார்கள். பேத்தியை ஆசீர்வதிக்கக் குனிந்தான். பவுடர் பொலபொலவென்று அவள் முகத்தில் கொட்டியது. அரங்கமே சிரித்தது. அத்தோடு அவனுக்கு வசனம் மறந்துபோனது. இரண்டு மாதம் பாடம் பண்ணியவன். அவன் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதற்குப் பிறகு நரை போடுவதைச் சின்ன வேலையாக என்னால் நினைக்க முடியவில்லை.

சரி, வீட்டில் பெரியவர்களின் தலையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். வெள்ளை முடியும் கறுப்பு முடியும் கலந்து கிடக்கும். தள்ளி நின்று பார்த்தால்தான் சாம்பல் நிறம். ஆகவே வெள்ளை பூசுவது பாதி வேலை, கறுப்பை விட்டுவைப்பது மீதி வேலை.

தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. தண்ணீரில் குழைக்கும் வெள்ளை ஒப்பனைக் கேக்கைப் பழைய டூத்பிரஷில் தொட்டு, ஈரத்தை உதறிவிட்டு, கிருதாவில் தொடங்குங்கள். பலருக்கும் நரை முதலில் எட்டிப் பார்ப்பது காதோரம்தான். கீற்றுக் கீற்றாக இழுக்க வேண்டும், நடுவில் கறுப்பு தெரிய வேண்டும். அப்புறம் நெற்றி ஓரம், வகிடு. நம் கருகரு முடிமேல் வெறும் வெள்ளை மெல்லிசாகப் படிந்தால் நீலம் பாய்ந்த மாதிரி தெரியும். துளி மஞ்சள் நிறம் கலந்தால் அது அடங்கும். புருவத்தை முடி படிந்திருக்கும் திசைக்கு எதிராகத் தொடுங்கள். நிறம் தோலில் அப்பாமல் முடியில் நிற்கும். புருவத்தையும் மீசையையும் விட்டுவிட்டால் தலை மட்டும் தொப்பி கவிழ்த்த மாதிரி தனியாகத் தெரியும்.

கடையில் கலர் ஸ்பிரே கிடைக்கிறது. அவசரத்துக்கு உதவும். வேடம் போடுபவரின் கண்ணையும் மூக்கையும் துணியால் மூடிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். பெரும்பாலும் தீப்பற்றக்கூடியது, குத்துவிளக்குப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

தாத்தா, பாட்டி வேடம் என்றால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். அவர்களிடம் நாடக நடிகர் டி.கே. சண்முகத்தைப் பற்றிச் சொல்வேன். 1912இல் பிறந்தவர். 1940களில், இளம் வயதிலேயே மேடையில் ஔவைக் கிழவியாக நின்றார். அந்த வேடமே பெயரோடு ஒட்டிக்கொண்டு அவ்வை சண்முகம் ஆனார். சென்னையில் ஒரு சாலைக்கும் அந்தப் பெயர் இருக்கிறது. இதைக் கேட்டதும் தாத்தா வேடக்காரன் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான். நான் பிரஷைக் கையில் எடுப்பேன்.

நாடகம் முடிந்ததும் ஷாம்பு போட்டு அலசினால் போய்விடும். காதுக்குப் பின்னால் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு தங்கும். ஈரத் துணியால் அதை நானே துடைத்துவிட்டுத்தான் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவேன். நன்றி, வணக்கம்.