அழிக்கப்பட்ட 38.1

நேயர்களுக்கு வணக்கம்.

அளவுகோலையும் நிறுத்துக்கடிகாரத்தையும் தராசையும் எப்படிக் கையாள வேண்டும் என்பதை அறிவியல் பாடநூல்கள் போதுமான அளவு சொல்லிவிடுகின்றன. அளந்து முடித்த பின், கிடைத்த எண் நாம் எதிர்பார்த்த எண்ணாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை அவை அவ்வளவாகச் சொல்வதில்லை. பல ஆண்டுகள் செய்முறை வகுப்புகளில் மாணவர்களோடு நின்றவன் என்ற முறையில், இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

எனக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். தனி ஊசல் சோதனையைப் பலரும் பள்ளியில் செய்திருப்பீர்கள். நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது போய்வர எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனை அது. நூலைத் தொங்கவிட்ட புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை ஒரு மீட்டர் இருந்தால், ஒரு முறை போய்வர ஏறத்தாழ 2 விநாடி ஆகும். இன்னும் நுட்பமாகச் சொன்னால் 2.006 விநாடி. ஆகவே 20 அலைவுகளுக்கு 40.1 விநாடி. ஒரு மாணவர் என்னிடம் நீட்டிய நோட்டில் 40.1 என்றே எழுதியிருந்தது, விடையும் பாடநூல் சொல்லும் 9.8 என்றே வந்திருந்தது. ஆனால் அந்த எண் இருந்த இடத்தில் தாள் ரப்பரால் தேய்ந்து மெலிந்திருந்தது. நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். பென்சில் அழுத்திய பள்ளம் அழியாமல் அப்படியே இருந்தது: 38.1. அடுத்த வரியில் 38.2. அதற்கடுத்த வரியில் மீண்டும் 38.1.

கேட்டபோது அவர் மறைக்கவில்லை. "விடை 10.9 என்று வந்தது ஐயா, தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைத்துத் திருத்திவிட்டேன்" என்றார். சோதனையை என் கண் முன்னால் இன்னொரு முறை செய்யச் சொன்னேன். குண்டை விட்டார், விட்ட அதே கணத்தில் கடிகாரத்தை அழுத்தி, "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினார். நேயர்கள் இதைச் சற்று மனத்தில் ஓட்டிப் பாருங்கள். குண்டு புறப்படும்போதே "ஒன்று" என்றால், அது முதல் முறை போய்த் திரும்பும்போது வாய் "இரண்டு" என்கிறது. "இருபது" என்று சொல்லிக் கடிகாரத்தை நிறுத்தும்போது உண்மையில் முடிந்திருப்பவை 19 அலைவுகள்தாம். பத்தொன்பதை 2.006ஆல் பெருக்கிப் பாருங்கள்: 38.1 வரும். அந்த மாணவரின் கை சரியாக அளந்திருக்கிறது, கடிகாரமும் சரியாகவே ஓடியிருக்கிறது. புறப்படும்போது "சுழி" என்று தொடங்க வேண்டிய எண்ணிக்கை மட்டும் "ஒன்று" என்று தொடங்கிவிட்டது.

அழிக்கப்பட்ட எண்ணுக்கும் எழுதப்பட்ட எண்ணுக்கும் இடையே சரியாக 2.0 விநாடி வேறுபாடு, அதாவது சரியாக ஓர் அலைவு. எங்கே தவறினோம் என்பதை அந்த 38.1 தன் பெயரைச் சொல்லியே காட்டிக்கொடுத்திருக்கும். தாளில் பள்ளம் விழாத அளவு மெல்ல எழுதும் பழக்கம் அவருக்கு இருந்திருந்தால், அந்தத் தவறு எங்கே நடந்தது என்பதை அவரும் அறிந்திருக்க மாட்டார், நானும் அறிந்திருக்க மாட்டேன். மீண்டும் சொல்கிறேன், 38.1 தவறான அளவு அன்று. 19 அலைவுகளுக்கு உரிய, மிகச் சரியான அளவு.

ஊசலை விட்டு வருவதற்கு முன், அது கற்றுத்தரும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஓர் அலைவை அளந்தால் போதாதா, ஏன் இருபதை எண்ண வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கண் பார்த்து, கை கடிகாரத்தை அழுத்துவதற்குள் மனிதருக்கு ஏறத்தாழ 0.2 விநாடி கழிந்துவிடுகிறது. அந்தத் தாமதம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகவும் இருப்பதில்லை. இரண்டு விநாடியில் 0.2 விநாடி தடுமாறினால் அது பத்து விழுக்காடு. நாற்பது விநாடியில் அதே 0.2 தடுமாறினால் அரை விழுக்காடு. கை மாறவில்லை, கடிகாரமும் மாறவில்லை, ஆனாலும் பிழை இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மேலும், குண்டு ஓரத்துக்குப் போய் நின்று திரும்பும் இடத்தில் அது எப்போது திரும்பியது என்று கண்ணால் தீர்மானிப்பது கடினம். நடுப்புள்ளியை அது மிக வேகமாகக் கடப்பதால், கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். அதனால்தான் நடுவிலிருந்து எண்ணச் சொல்கிறோம்.

இப்படி முன்பின்னாகச் சிதறும் பிழைகளைப் பலமுறை அளந்து சராசரி எடுப்பதால் குறைக்கலாம். வேறொரு வகைப் பிழை இருக்கிறது. ஆயிரம் முறை அளந்தாலும் அது குறையாது. எடை பார்க்கும் கருவியின் மேல் யாரும் ஏறாதபோதே முள் இரண்டு கிலோகிராமில் நின்றால், நீங்கள் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் அதே இரண்டு கிலோகிராம் கூடுதலாகவே காட்டும். சராசரியும் அந்த இரண்டைச் சுமந்தே வரும். மிகச் சிறிய நீளங்களை அளக்கும் வெர்னியர் அளவியிலும் திருகு அளவியிலும் சுழிப்பிழை என்று நாம் சொல்வது இதைத்தான். அவற்றின் கோல்களைப் படமில்லாமல் வானொலியில் விளக்க முயல்வது உங்களுக்கும் துன்பம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்து வேகமானியின் முள்ளைப் பார்ப்பவருக்கு ஓர் எண்ணும் ஓட்டுநருக்கு வேறோர் எண்ணும் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். இடமாறு தோற்றப்பிழை எனப்படும் அதுவும், பார்க்கும் இடத்தை மாற்றாதவரை, எத்தனை முறை பார்த்தாலும் போகாது.

இனி, நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விட்டதில்லை என்று கூறத்தக்க ஒரு வரலாற்றுக்கு வருகிறேன். எதிர்பார்ப்போடு ஒத்துப்போகாத ஓர் எண்ணை அழிக்காமல் வைத்துக்கொண்ட ஒருவரின் கதை இது. அவர் ரேலி பிரபு. வாயுக்களின் அடர்த்தியை மிக நுட்பமாக அளப்பதில் பல ஆண்டுகள் செலவிட்ட இங்கிலாந்து இயற்பியலாளர் அவர். கண்ணாடிக் கோளம் ஒன்றை வெற்றிடமாக்கித் தராசில் நிறுத்து, பின் வாயுவை நிரப்பி நிறுத்து, வேறுபாட்டைக் காண்பது அவர் முறை. வெற்றிடமாக்கிய கோளம் வெளிக்காற்றின் அழுத்தத்தால் மிகச் சிறிதளவு சுருங்குகிறது என்பதையும், அதனால் எடையில் பிழை நுழைகிறது என்பதையும் கண்டுபிடித்து, அதற்கும் திருத்தம் போட்டவர் என்றால் அவருடைய பொறுமையை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

1892ஆம் ஆண்டில் நைட்ரஜனை இரண்டு வழிகளில் தயாரித்தார். முதல் வழியில், பழுக்கக் காய்ச்சிய செம்பின் மேல் காற்றைச் செலுத்தி, அதிலிருந்த ஆக்சிஜனை நீக்கி, எஞ்சியதை எடுத்துக்கொண்டார். இரண்டாவது வழியில் காற்றோடு அம்மோனியாவைக் கலந்து செம்பின் மேல் செலுத்தினார். இதில் கிடைக்கும் நைட்ரஜனில் ஒரு பங்கு அம்மோனியாவிலிருந்து வரும். இரண்டையும் நிறுத்தபோது, அம்மோனியா கலந்த நைட்ரஜன் ஆயிரத்தில் ஒரு பங்கு இலேசாக இருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு! செய்முறை வகுப்பில் அந்த அளவு ஒத்துப்போனால் முழு மதிப்பெண் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

ரேலி விடவில்லை. அவர் அடுத்துச் செய்ததைத்தான் நேயர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். வேறுபாட்டைக் குறைக்க அவர் முயலவில்லை, கூட்ட முயன்றார். இரண்டாவது வழியில் காற்றுக்குப் பதிலாகத் தூய ஆக்சிஜனைப் பயன்படுத்தினார்; இப்போது நைட்ரஜன் முழுவதும் அம்மோனியாவிலிருந்தே வந்தாக வேண்டும். வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றிலிருந்து இருநூற்றில் ஒன்றாக வளர்ந்தது. தற்செயலான தடுமாற்றமாக இருந்திருந்தால் அது இப்படி ஒரே திசையில், காரணத்தோடு வளர்ந்திருக்காது. 1892இலேயே நேச்சர் என்ற அறிவியல் இதழுக்குக் கடிதம் எழுதி, இதற்கு விளக்கம் தெரிந்த வேதியியலாளர்கள் இருந்தால் தெரிவிக்கும்படி வெளிப்படையாகக் கேட்டார்.

விளக்கம் எதுவாக இருக்கலாம் என்று ஒவ்வொரு கருதுகோளாக எடுத்துச் சோதித்தார். இலேசான வாயுவில் ஹைட்ரஜன் மிச்சமிருக்குமோ? வேண்டுமென்றே ஹைட்ரஜனைச் சேர்த்துப் பார்த்தார். சுத்திகரிப்பில் அது நீங்கிவிட்டது, எடை மாறவில்லை. வாயுவின் மூலக்கூறுகள் பிளவுபட்டிருக்குமோ? மின்னிறக்கத்துக்கு உட்படுத்திப் பார்த்தார், எட்டு மாதம் வைத்திருந்து மறுபடியும் நிறுத்தார், மாற்றமில்லை. நைட்ரஜனின் வெவ்வேறு சேர்மங்களிலிருந்து தயாரித்துப் பார்த்தபோது எல்லாம் இலேசாகவே இருந்தன. ஆக்சிஜனைச் செம்பால் நீக்கினாலும் இரும்பால் நீக்கினாலும் காற்றிலிருந்து வந்தது கனமாகவே இருந்தது. அவருடைய கோளத்தில் காற்று நைட்ரஜனின் எடை ஏறத்தாழ 2.310 கிராம்; சேர்மங்களிலிருந்து வந்ததன் எடை ஏறத்தாழ 2.299 கிராம். நடுவில் நிற்பது 11 மில்லிகிராம். காற்று நைட்ரஜனைத் திரும்பத் திரும்ப நிறுத்தபோது எடைகள் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிகிராம்கூட விலகவில்லை என்பதால்தான் இந்த 11 மில்லிகிராமை அவரால் நம்ப முடிந்தது. அளவியின் தடுமாற்றம் எவ்வளவு என்று அறியாதவருக்கு, ஒரு வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதா இல்லையா என்று சொல்ல வழியே இல்லை.

வில்லியம் ராம்சே என்ற வேதியியலாளரும் இந்த ஆய்வில் சேர்ந்துகொண்டார். காற்று நைட்ரஜனைச் சூடான மக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தி, நைட்ரஜனை அது உறிஞ்சிக்கொள்ளச் செய்தபோது, எதனுடனும் சேராத ஒரு வாயு எஞ்சியது. 1894இல் இருவரும் அதை அறிவித்தார்கள். அதுதான் ஆர்கான், நாம் இப்போது மூச்சிழுக்கும் காற்றில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு அதுதான். 1904இல் இயற்பியல் நோபல் பரிசு ரேலிக்கும் வேதியியல் நோபல் பரிசு ராம்சேக்கும் கிடைத்தன.

இதற்கு முன்கதை ஒன்றும் உண்டு. 1785இலேயே ஹென்றி கேவண்டிஷ் என்ற இங்கிலாந்து அறிவியலாளர், காற்றின் நைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்து மின்பொறியால் இணையச் செய்து நீக்கிப் பார்த்தபோது, என்ன செய்தும் நீங்காத ஒரு சிறு குமிழி எஞ்சியதைக் கண்டார். அது மொத்தத்தில் 120இல் ஒரு பங்குக்கு மேற்படாது என்று அளந்து எழுதியும் வைத்தார். நூறாண்டுக்கு மேல் அந்தக் குமிழியை யாரும் தொடரவில்லை. ஆனால் அவர் அதை எழுதி வைத்திருந்தார். எழுதியிருந்ததால்தான் ரேலியும் ராம்சேயும் அதைத் திரும்பிப் பார்த்து, கேவண்டிஷ் கண்டது ஆர்கானைத்தான் என்று உணர முடிந்தது.

என் மாணவரின் 38.1ஐயும் ரேலியின் 2.310ஐயும் ஒரே மூச்சில் பேசுவது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் தம் தவறைக் கண்டுபிடிக்கவும் மற்றவர் புதிய தனிமத்தைக் கண்டுபிடிக்கவும் தேவைப்பட்ட செயல் ஒன்றே: பிடிக்காத எண்ணை நோட்டில் விட்டுவைப்பது. ஆகவே ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது, விடை 9.8 என்று வந்ததா என்பதைப் பார்த்து மதிப்பெண் போடும் வழக்கத்தைக் கைவிடுங்கள் என்பதே. ரப்பரை மாணவரின் கையில் கொடுப்பது அந்த வழக்கம்தான். தவறென்று பட்ட அளவின் மேல் ஒரே ஒரு கோடு, அடியிலுள்ள எண் படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் ஏன் அடித்தோம் என்று ஒரு வரி. இவ்வளவு போதும்.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். வரைபடம் வரைவதைப் பற்றியும் முக்கிய எண்ணுருக்களைப் பற்றியும் சற்று விரிவாகவே பேச எண்ணி வந்தேன். வரைபடத்தை விட்டுவிட வேண்டியதுதான். எண்ணுருக்களைப் பற்றி மட்டும் ஒரு சொல்: கணிப்பான் 9.8213467 என்று காட்டினால், அதை அப்படியே நோட்டில் எழுதாதீர்கள். மூன்று இலக்கங்களுக்கு அளந்த கடிகாரம் எட்டு இலக்கங்களுக்கு உறுதி கூற முடியாது, 9.82 என்று நிறுத்துங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று சொல்லி முடிக்கிறேன். மில்லிமீட்டர் கோடுகள் மட்டுமே உள்ள சாதாரண அளவுகோலால், ஒரு புத்தகத்தின் ஒற்றைத் தாளின் தடிமனைக் காணுங்கள். நூறு தாள்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்து அளந்து, நூறால் வகுங்கள். எண்ணும்போது பக்கங்களை எண்ணுகிறீர்களா, தாள்களை எண்ணுகிறீர்களா என்பதில் கவனம் வையுங்கள். ஒரு தாளுக்குப் பக்கம் இரண்டு. மூன்று முறை அளந்து, மூன்றையும் பேனாவால் எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.