பத்தாவது கேள்வி

(ஐப்பசி மாத ஞாயிறு மாலை, ரங்கூன் கோயில் மண்டபம் ஒன்றில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் முறுக்குக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. முப்பத்தோரு வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறவன். அதில் இருபத்திரண்டு வருஷமாக சோரியாசிஸ்காரனும்கூட. மருந்து விற்கிற பக்கமும் தெரியும், வாங்கிப் பூசுகிற பக்கமும் தெரியும். அதனால்தான் கோயில் நிர்வாகத்தார் என்னைக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 29 உலக சோரியாசிஸ் நாள். நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்த வைத்தியத்தில் இதைக் காளாஞ்சகப் படை என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி வேண்டாத இடத்தில் வேகம் காட்டுகிறது. கீழிருந்து மேலே வர ஒரு மாதம் எடுக்கவேண்டிய தோல் மூன்று நான்கு நாளில் வந்து, அடுக்கடுக்காகக் குவிந்து செதிலாக உதிர்கிறது. கட்டுப்படுத்தலாம். அடியோடு தீர்த்துவிட முடியாது. தொட்டால் ஒட்டவே ஒட்டாது.

ஒட்டாது என்று சொன்னதும் சிலர் முகத்தில் சந்தேகம் தெரிகிறது. தப்பில்லை. ஐரோப்பாவிலேயே வைத்தியர்கள் இதையும் குஷ்டத்தையும் ரொம்பக் காலம் குழப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். 1841-இல் வியன்னாவில் ஹெப்ரா என்ற மருத்துவர்தான் இரண்டும் வேறு என்று தெளிவாகப் பிரித்தார். நம் பர்மாவில், மோல்மீன் ஊரில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட குஷ்டரோக ஆஸ்பத்திரி இருக்கிறது. எனக்கு முழங்கையில் படை வந்த புதிதில், என் சொந்தச் சித்தப்பா "ஒரு நடை மோல்மீன் போய்ப் பார்த்துட்டு வந்துடேன்" என்றார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் பேச வந்தது நோயைப் பற்றி அல்ல. அதன் வைத்தியத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், வைத்தியத்தைச் சுமக்கிறவன் மனசைப் பற்றி. "மருந்தை ஒழுங்காப் பூசுறதில்லை" என்று எல்லோரும் எங்களைத்தான் திட்டுகிறார்கள். ஒழுங்காகப் பூசுவது என்றால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

உங்கள் உள்ளங்கையை விரலோடு சேர்த்து வைத்தால் அது உடம்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. ஒருவருக்குப் பத்து கை அளவு படை இருக்கிறது என்று வையுங்கள். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை களிம்பைப் பிதுக்கினால் அரை கிராம். அது இரண்டு கை அளவுக்குக் காணும். அப்படியானால் ஒரு தடவைக்கு இரண்டரை கிராம், காலை மாலை என்றால் ஐந்து கிராம். பதினைந்து கிராம் டியூப் மூன்றாம் நாள் காலி! ஒரு டியூப் வாங்கி ஒரு மாதம் வைத்துப் பூசுகிறவர் சோம்பேறி இல்லை ஐயா, அவர் பணத்தை எண்ணிப் பூசுகிறார். பிறகு "இந்த மருந்து கேட்கலை" என்று வந்து நிற்பார். எனக்குத் தெரியும், மருந்து கேட்காமல் இல்லை, போதாமல் போயிற்று.

பணம் ஒரு பக்கம். நேரமும் பிசுபிசுப்பும் இன்னொரு பக்கம். நம் ஊர் வெக்கையில், கரண்ட் இல்லாத ராத்திரியில், முதுகு நிறைய வாஸ்லீன் பூசிக்கொண்டு படுத்துப் பாருங்கள். நிலக்கரித் தார் கலந்த மருந்து என்றால் வாசனை நமக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும். சென்னையிலிருந்து ஒரு சொந்தக்காரர் எனக்கு வெட்பாலைத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறமாகிவிடும். பார்க்க அழகு. பூசினால் எரிச்சல் அடங்கி, செதில் மெத்தென்று ஆனது நிஜம். என் நான்கு கைலிகளும் கத்தரிப்பூ நிறமானதும் நிஜம்.

இப்போது ஒரு வெட்கமான விஷயம். நம் ஊர் மருந்துக்கடைகளில் நாலு நிற மாத்திரையைச் சேர்த்து மடித்துப் பொட்டலமாகக் கொடுக்கிற பழக்கம் உங்களுக்குத் தெரியும். மேல்வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று. அதில், எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஸ்டீராய்டு மாத்திரையும் ஒன்று இருக்கும். நானும் விற்றிருக்கிறேன். எனக்கே போட்டும் இருக்கிறேன். பத்தே நாளில் தோல் பிள்ளைத்தோல் மாதிரி ஆயிற்று. கண்ணாடி முன்னால் நின்று அழுதேன், சந்தோஷத்தில். பொட்டலத்தை நிறுத்திய இரண்டாம் வாரம் போனதெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. சிலருக்கு உடம்பு முழுக்கச் சீழ்க்கொப்புளம் கண்டு, காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தாகிவிடும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பத்து நாள் எனக்குக் கிடைத்த நிம்மதியை எந்தப் பெரிய டாக்டரும் அதுவரை கொடுத்ததில்லை. ஜனங்கள் ஏன் பொட்டலத்துக்கு ஓடுகிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு அதுதான் பதில். அன்றிலிருந்து என் கடையில் பொட்டலம் கிடையாது.

அடுத்தது மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுகிற மாத்திரை. தெரியாமல் தினமும் சாப்பிட்டால் ரத்தம் ஊறுகிற மஜ்ஜையே கெட்டுப்போகும். அதனால் நாள்காட்டியில் வியாழக்கிழமையை என் மகள் சிவப்பில் வட்டம் போட்டு வைப்பாள். வியாழன் மாத்திரை, வெள்ளி முழுக்கக் குமட்டல். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்த என் மைத்துனர் "இது புற்றுநோய் மருந்தாச்சே மாமா" என்று அலறினார். அதற்குக் கொடுப்பதில் சிறு துளிதான் நமக்கு என்று விளக்கினேன். அவருக்கு விளக்கிவிட்டு நான் ராத்திரி தூங்கவில்லை.

தோலில் புற ஊதாக் கதிரைக் காட்டுகிற ஒளி வைத்தியம் நல்லது. ஆனால் வாரம் மூன்று நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்துப் போகவேண்டும். புது ஊசிகள் அருமையாக வேலை செய்கின்றன. விலையைச் சொன்னால் இந்தக் கூட்டத்தில் பாதி எழுந்து போய்விடும்.

இதையெல்லாம் டாக்டரிடம் நான் சொன்னதே இல்லை. அவர் "எப்படி இருக்கு?" என்பார். "பரவாயில்லை டாக்டர்" என்பேன். முழங்கையைப் பார்ப்பார், எழுதுவார், அடுத்த ஆள். ஊரே நனைகிற தண்ணீர்த் திருவிழாவுக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது அந்தச் சீட்டில் எங்கேயும் வராது.

போன வருஷம் ஒரு இளம் டாக்டரம்மா என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். 1994-இல் பிரிட்டனில் கார்டிஃப் நகரத்துத் தோல் மருத்துவர்கள் உருவாக்கியதாம். மொத்தம் பத்துக் கேள்வி. போன ஒரு வாரத்தில் அரிப்பு எவ்வளவு, கூச்சம் எவ்வளவு, என்ன உடுத்துவது என்பதில் தொல்லை எவ்வளவு என்று போகும். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை மார்க்கு. கூட்டினால் முப்பது வரை போகும். பத்தாவது கேள்வியைப் படித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் தோலுக்கான வைத்தியம், வீட்டை அசிங்கமாக்கியோ நேரத்தைத் தின்றோ, உங்களுக்கு எவ்வளவு தொந்தரவாக இருந்தது? நோயை விட்டுவிட்டு வைத்தியத்தைப் பற்றி ஒருவர் என்னைக் கேட்டது அன்றைக்குத்தான். முதல் ஒன்பதில் மொத்தம் ஆறு வாங்கியவன், பத்தாவதில் மட்டும் மூன்றுக்கு மூன்று வாங்கினேன்.

டாக்டரம்மா அந்த மூன்றைத்தான் முதலில் பார்த்தார். "தினம் ரெண்டு வேளை உங்களால முடியாது, இல்லையா அங்கிள்?" என்றார். படை அடங்கிய இடத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும் என்று மாற்றி எழுதினார். பிசுபிசுப்பான களிம்பு ராத்திரிக்கு மட்டும், பகலுக்குத் தண்ணீர் போன்ற லோஷன். இப்போது ஒழுங்காகப் பூசுகிறேன்.

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். அதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், இதைச் சொல்லாதே என்று கண்ணால் சைகை காட்டுகிறாள். பத்தாவது கேள்வியை இரண்டு தடவை படித்தாள். "உங்களுக்கு எவ்வளவு தொந்தரவுன்னு கேட்டிருக்காங்க. இருபத்திரண்டு வருஷமா அந்தப் படுக்கை விரிப்பைத் துவைக்கிறவளை யாரும் கேட்கலையே" என்றாள்.