கீழ்த்தளம் வரை எட்டிய கிருபை

(திரையில்: சுழலும் சக்கரத்தின்மேல் ஈரக் களிமண்)

குயவன் வீட்டுக்குப் போன எரேமியா தீர்க்கதரிசி, வனைந்துகொண்டிருந்த பாண்டம் குயவனுடைய கையிலேயே கெட்டுப்போனதையும், அவன் அந்த மண்ணை எறிந்துவிடாமல் வேறே பாண்டமாகத் திரும்ப வனைந்ததையும் கண்டார். தேவன் நம் சுபாவத்தை உருவாக்குகிறார் என்று பேசும்போதெல்லாம் இந்தக் காட்சியை நினைக்கிறோம். அந்த வேலைக்கு எத்தனை காலம் பிடிக்கும் என்று மட்டும் எண்ணிப்பார்ப்பதில்லை.

(திரையில்: புயலில் தத்தளிக்கும் பாய்மரக் கப்பல்)

1748 மார்ச் மாதத்தில், அட்லாண்டிக் பெருங்கடலில் ‘கிரேஹவுண்ட்’ என்ற கப்பல் புயலில் சிக்கி நீர் புகுந்தபோது, அதுவரை தேவனைத் தூஷித்துத் திரிந்த 22 வயது ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டன் இரக்கத்துக்காக மன்றாடினார். தூஷணத்தை விட்டார், வேதத்தை வாசிக்கத் தொடங்கினார். ஆனால் தாம் ஏற்கெனவே ஈடுபட்டிருந்த அடிமை வியாபாரத்தை விடவில்லை. 1750க்கும் 1754க்கும் இடையில் அடிமைக் கப்பல்களின் தலைவராக மூன்று பயணங்கள் சென்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மனிதர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்தார்கள்.

இதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் வரும் கோபத்தைவிட என்னைக் குறித்த பயமே அதிகம். உண்மையாய் ஜெபிக்கிற ஒருவர், தம் ஜெபத்தின் ஒளி எட்டாத ஒரு தளத்தைத் தமக்குக் கீழேயே வைத்துக்கொண்டு, அது அங்கே இருப்பதைக்கூட உணராமல் வாழ முடிகிறதே!

“உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்” என்று ரோமர் 12:2இல் பவுல் எழுதுகிறார். கிரேக்க மூலத்தில் அந்த வினை, ஒருமுறை நடந்து முடிவதை அல்ல, தொடர்ந்து நடப்பதைக் குறிக்கிறது. நாமே செய்துகொள்வதை அல்ல, நம்மில் செய்யப்படுவதைக் குறிக்கிறது. ஆகவே தேவன் நம்மை வனைய இடங்கொடுப்பது என்பது, ஏற்கெனவே திருந்திய பகுதிகளைக் காட்டி நிறைவடையாமல், நாம் பூட்டி வைத்திருக்கும் தளத்தின் கதவையும் அவருக்குத் திறப்பதாகும்.

நியூட்டனைக் கடலிலிருந்து திருப்பியது மனச்சாட்சி அல்ல, 1754இல் திடீரென வந்த நோய். 1764இல் ஓல்னி என்ற ஊரில் குருவானவராகி, ஆண்டுக்கணக்காகப் பிறருக்குக் கிருபையைப் பிரசங்கித்தார். புயலுக்கு 40 ஆண்டுகளுக்குப் பின், 1788இல்தான், அடிமை வியாபாரத்தின் கொடுமைகளைக் கண்ணால் கண்டவராக ஒரு சிறு நூலில் எழுதி வெளியிட்டார். அதில் தாமும் அதற்குக் கருவியாயிருந்ததை ஒளிக்கவில்லை. தம்மால் விளைந்த துன்பத்தைத் தடுக்க இந்த அறிக்கை காலங்கடந்து வருகிறது என்பதையும் ஒப்புக்கொண்டார்.