புல்தரைக்கு நீர் பாய்ச்சும் வேளை

நேயர்களுக்கு வணக்கம். வீட்டு முன்புறத்தில் புல்தரை வளர்ப்போரில் பலர், வேலை முடிந்து திரும்பிய பின், பொழுது சாயும் வேளையில்தான் ரப்பர் குழாயைக் கையில் எடுக்கிறார்கள். அவ்வழக்கத்தை விட்டு, விடியற்காலை 5 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் பாய்ச்சுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் இதற்கு வெயிலைவிடக் காற்றே பெரிய காரணம். ஆனி முதல் ஆவணி வரை மலைக் கணவாய்களின் வழியே இறங்கும் தென்மேற்குக் காற்று, குற்றாலத்தில் சாரலாகத் தூறிவிட்டு, பாளையங்கோட்டையை எட்டுகையில் வறண்டுபோய்விடுகிறது. பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அக்காற்று, தரை சூடேற ஏற வலுப்பதால், நண்பகலில் தெளிப்பான் வீசும் துளிகளில் ஒரு பகுதி ஆவியாகிறது, மற்றொரு பகுதி மதில்மேல் போய் விழுகிறது. இலைமேல் நிற்கும் துளி வெயிலைக் குவித்துப் புல்லைக் கருக்கும் என்பார்கள்; புல்லுக்கு அப்படி நேர்வதில்லை. தண்ணீர் வீணாவதே நண்பகலைத் தவிர்க்கப் போதிய காரணம்.

மாலையில் பாய்ச்சினால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் இலை இரவெல்லாம் காயாது. தொடர்ந்து பல மணி நேரம் நனைந்திருக்கும் இலையில்தான் பூஞ்சாண நோய்கள் எளிதில் தொற்றுகின்றன. விடியலில் புல் பெரும்பாலும் பனியால் முன்பே நனைந்திருப்பதால், அப்போது பாய்ச்சும் நீர் அந்த ஈரத்தை அதிகம் நீட்டிப்பதில்லை. வெயில் ஏறியதும் இலை உலர்ந்துவிடும், வேருக்கு இறங்கிய நீரோ அன்றைய வெப்பத்தைத் தாங்க உதவும்.

நாள்தோறும் மேலாகத் தெளிப்பதும் தவறு. வேர்கள் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். கடுங்கோடையில் வாரத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீர், அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர், இரண்டு முறையாகக் கொடுத்தால் பொதுவாகப் போதும். தரையில் ஒரு வெறும் டப்பாவை வைத்து, தேங்கும் நீரை அளந்துகொள்ளலாம். மணற்பாங்கான செம்மண் சட்டென உறிஞ்சும். நீர் மெல்ல இறங்கும் கரிசலில், பாதியைப் பாய்ச்சி, அரை மணி நேரம் விட்டு, மீதியைப் பாய்ச்ச வேண்டும்.

குடிநீருக்கே தட்டுப்பாடு வரும் நாட்களில் புல்லை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அருகம்புல் மேலே காய்ந்தாலும் அதன் தண்டு உயிரோடிருந்து, மழைக்குத் தளிர்த்துவிடும். குழாயில் மாலையில்தான் தண்ணீர் வருகிறது என்போர், அதைத் தொட்டியில் பிடித்துவைத்து மறுநாள் விடியலில் பாய்ச்சுங்கள். அதற்கும் வழியில்லையெனில், இருட்டுமுன் இலை காயும்படி 4 மணியளவில் முடித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.