மேடையும் மைக்கும் ஒரு பிரதமரை கோர்ட்டுக்கு இழுத்த கதை | அமைச்சரா, வேட்பாளரா?

வணக்கம் மக்களே!

1,11,810. இவ்வளவு ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்ச ஒருத்தரோட வெற்றி செல்லாதுன்னு கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. ஜெயிச்சவங்க நாட்டோட பிரதமர். கள்ள ஓட்டு போட்டாங்கன்னா? இல்லை. கூட்டத்துக்குப் போட்ட மேடை, ஸ்பீக்கருக்குக் கொடுத்த கரண்ட், ஒரு அதிகாரி ராஜினாமா பண்ண தேதி. இந்த மூணும்தான் காரணம்!

அமைச்சரா இருந்துக்கிட்டே ஒருத்தர் தேர்தல் வேலை பார்க்கலாமா, பார்த்தா அரசாங்க வேலையை யார் பார்ப்பாங்க, இதுதான் இன்னைக்கு நம்ம விஷயம்.

பின்னணியை வேகமா முடிச்சிடுறேன். நம்ம நாட்டுல அமைச்சர்கள் ராஜினாமா பண்ணிட்டுத்தான் தேர்தல்ல நிக்கணும்னு சட்டம் கிடையாது. மக்களவையைக் கலைச்ச பிறகும் பிரதமரும் அமைச்சர்களும் பதவியில தொடரலாம்னு 1971லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பங்களாதேஷ்ல 1996ல இருந்து 2011 வரைக்கும் தேர்தல் நேரத்துக்குன்னே கட்சி சாராத இடைக்கால அரசுன்னு அரசியல் சட்டத்துலயே எழுதி வச்சிருந்தாங்க. நம்ம ஊர்ல காலையில ஃபைல்ல கையெழுத்து போடுறவர்தான் சாயங்காலம் பிரசார வேன்ல நிப்பார்.

இப்போ கதைக்கு வருவோம்.

[திரையில்: ரேபரேலி, 1971]

உத்தரப்பிரதேசத்துல இருக்கிற இந்த ரேபரேலி தொகுதியில பிரதமர் இந்திரா காந்தி ஜெயிச்சாங்க, எதிர்த்து நின்ன ராஜ் நாராயண் தோத்தார். தோத்தவர் அலகாபாத் ஹைகோர்ட்ல வழக்கு போட்டார். கம்பளி, சாராயம் கொடுத்து ஓட்டு வாங்கினாங்கன்னு பெரிய பெரிய குற்றச்சாட்டெல்லாம் வச்சார். அதெல்லாம் நிக்கலை. நின்னது ரெண்டு விஷயம், ரெண்டுமே தேர்தல் வேலைக்கு அரசு ஊழியர்கள் உதவியை வாங்கினாங்கன்னு.

ஒண்ணு, மேடை. பிரதமரோட தேர்தல் கூட்டத்துக்கு உத்தரப்பிரதேச அரசு அதிகாரிகள் மேடை போட்டுக் கொடுத்தாங்க, ஸ்பீக்கருக்கு மின்சார ஏற்பாடு பண்ணாங்க. பிரதமர் தரப்பு என்ன சொல்லுச்சுன்னா, "இது பாதுகாப்பு ஏற்பாடு, பிரதமர் எங்கே போனாலும் பண்றதுதானே." கேட்கிறப்போ நியாயமாத்தான் இருக்கு. ஆனா அந்த மேடையில ஏறி நின்னது பிரதமரா, ஓட்டுக் கேட்கிற வேட்பாளரா? கோர்ட் பிடிச்சது இந்த இடத்தை.

ரெண்டாவது, யஷ்பால் கபூர். பிரதமர் செயலகத்துல அதிகாரி. வேலையை விட்டுட்டுத்தான் தேர்தல் வேலைக்கு வந்தேன்னு சொன்னார். ராஜினாமா கடிதம் கொடுத்தது 1971 ஜனவரி 13. அதை ஏத்துக்கிட்டு அரசு அறிவிப்பு வந்தது ஜனவரி 25. அந்த இடைப்பட்ட நாள்ல அவர் அரசு ஊழியர்தான்னு கோர்ட் சொல்லிடுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேத்தான். அந்த உதவியை வாங்கினப்போ இந்திரா காந்தி வேட்பாளரான்னு பார்க்கணுமே, ஒருத்தர் எந்த நிமிஷத்துல இருந்து 'வேட்பாளர்' ஆகுறார்? மனு தாக்கல் பண்ண நாள்ல இருந்துன்னுதானே நாம நினைப்போம்? 1970 டிசம்பர் 29, டெல்லியில பத்திரிகையாளர் சந்திப்பு. ரேபரேலியை விட்டுட்டு குர்கானுக்கு மாறப்போறீங்களான்னு ஒரு கேள்வி வருது. இல்லைன்னு இந்திரா காந்தி பதில் சொல்றாங்க. அவ்வளவுதான்! ரேபரேலியில நிக்கப்போறது உறுதின்னு அந்த பதில்லயே தெரிஞ்சுடுச்சு, அன்னைக்கே அவங்க வேட்பாளர்தான்னு நீதிபதி ஜெகன்மோகன்லால் சின்ஹா எடுத்துக்கிட்டார்.

1975 ஜூன் 12 தீர்ப்பு: வெற்றி செல்லாது, 6 வருஷம் தேர்தல்ல நிக்கக் கூடாது. ஜூன் 25 ராத்திரி எமர்ஜென்சி. அதே வருஷம் தேர்தல் சட்டத்தையே திருத்துனாங்க. முன் தேதியில இருந்து செல்லுபடியாகுற மாதிரி! முறைப்படி மனு தாக்கல் பண்ணவர்தான் வேட்பாளர், அதிகாரிகள் தங்களோட அலுவல் கடமையா செய்யுற ஏற்பாடு குற்றத்துல வராதுன்னு மாத்திட்டாங்க. நவம்பர் 7ல சுப்ரீம் கோர்ட் அந்த வெற்றி செல்லும்னு சொல்லிடுச்சு. ஆட்டம் முடிஞ்ச பிறகு விதியை மாத்துறது அநியாயம். யார் பண்ணியிருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

சரி, இன்னைக்கு என்ன நிலைமை? தேர்தல் நடத்தை விதிகள் இருக்கு. 1960ல கேரளா தேர்தல்ல ஆரம்பிச்சது. ஆளுங்கட்சிக்குன்னு தனிப் பகுதி 1979ல வந்துச்சு. அரசு காரை வீட்டுல இருந்து ஆபீஸுக்குப் போய் வர மட்டும்தான் அமைச்சர்கள் பயன்படுத்தலாம். அரசுப் பயணத்தோட பிரசாரத்தைச் சேர்க்கக் கூடாது, பிரதமருக்கு மட்டும் இதுல விலக்கு. புதுத் திட்டம் அறிவிக்கக் கூடாது, அடிக்கல் நாட்டக் கூடாது.

நல்ல விதிகள்தான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? காருக்கு விதி இருக்கு, விருந்தினர் மாளிகைக்கு விதி இருக்கு, விளம்பரத்துக்கு விதி இருக்கு. அமைச்சர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆபீஸ்ல உட்காரணும்னு ஒரு வரி கூட இல்லை! மாசக்கணக்குல மாநிலம் மாநிலமா நட்சத்திரப் பேச்சாளரா சுத்தினாலும் எந்த விதியும் அவரைத் தடுக்காது.

இதோட வலி நமக்குத்தான். 2024 ஞாபகம் இருக்கா? மார்ச் 16 தேர்தல் அறிவிப்பு. தமிழ்நாடு ஏப்ரல் 19ல ஒரே நாள்ல ஓட்டுப் போட்டு முடிச்சிடுச்சு. மத்த மாநிலங்கள்ல ஜூன் 1 வரைக்கும் போச்சு. விதிகளை எடுத்தது ஜூன் 6. நாம மை வச்ச விரலோட ஒன்றரை மாசம் காத்துக்கிட்டு இருந்தோம். அது எம்.பி. தேர்தல், ஆனாலும் எம்.எல்.ஏ. ஆபீஸுக்கெல்லாம் பூட்டு. கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் நின்னு போச்சு, மனுவைப் போட ஒரு பெட்டி வச்சாங்க. பட்டா மாறலை, உதவித்தொகை வரலைன்னு பஸ் ஏறி வந்த பாட்டி கலெக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாம, மடிச்ச பேப்பரை அந்தப் பெட்டிக்குள்ள போட்டுட்டுத் திரும்பணும். ஜனங்க மனுவுக்குக் கட்டுப்பாடு, அமைச்சர் நேரத்துக்குக் கட்டுப்பாடு இல்லைன்னா எப்படி?

என் கோரிக்கை ரெண்டுதான். விதிகள் அமல்ல இருக்கிற காலத்துல ஒவ்வொரு அமைச்சரும் எத்தனை நாள் ஆபீஸ் வந்தார், எத்தனை நாள் பிரசாரத்துக்குப் போனார்னு அரசு இணையதளத்துல வாராவாரம் போடணும். போக முடியாத நாள்ல துறையைப் பார்த்துக்க, தேர்தல்ல நிக்காத இன்னொரு அமைச்சர்கிட்ட பொறுப்பை எழுதிக் கொடுக்கணும். பிரசாரத்துக்குப் போகட்டும், அது அவங்க உரிமை. கணக்கு மட்டும் நமக்குத் தெரியணும்.

2024ல அந்தப் பெட்டியில மனு போட்டவங்க யாராவது இருந்தா, அது என்ன ஆச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து பதில் வந்திருந்தா எத்தனை நாள் கழிச்சு வந்துச்சுன்னும் சொல்லுங்க, அடுத்த வீடியோவுல மாவட்ட வாரியா படிக்கிறேன்.