எம்பெசுமாவை எந்த மண்ணில் அளப்பது?

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அரங்கில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் பிறந்த ஒரு கால்பந்து ஸ்ட்ரைக்கரின், அதாவது கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட முன்கள வீரரின் பெருமைக்கு அளவுகோல் ஐரோப்பிய மைதானமா, சொந்த மண்ணின் மைதானமா? சொந்த மண்ணே, அதாவது அந்தத் தென்பகுதி வட்டாரமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய தோழர் இரண்டு பெயர்களைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கேப்டவுனில் பிறந்த பென்னி மெக்கார்த்தி, 2004 பிப்ரவரியில் போர்ச்சுகலின் போர்ட்டோ அணிக்காக மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். அந்த ஆண்டே ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையும் போர்ட்டோவுக்கு வந்தது. ஜிம்பாப்வேயின் புலவாயோவில் பிறந்த பீட்டர் என்ட்லோவு, 1995இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி அணிக்காக லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்திலேயே ஹாட்ரிக், அதாவது ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். நானும்தான் கைதட்டினேன். அந்தச் சாதனைகளில் ஒரு துளியைக்கூடக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தோழர் சொல்லாமல் விட்ட ஒரு பெயர் இருக்கிறது. அவரை வைத்துத்தான் என் வாதம்.

காலின்ஸ் எம்பெசுமா. ஜாம்பியாவின் தாமிரச் சுரங்க ஊரான லுவான்ஷ்யாவைச் சேர்ந்தவர். 2004-05 சீசனில் தென்னாப்பிரிக்காவின் கைசர் சீஃப்ஸ் அணிக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 35 கோல். அதில் லீக் கோல் மட்டும் 25. ஒரே சீசனில் 25 என்பது அந்த லீக்கின் சாதனை. அந்த ஆண்டு சாம்பியன் பட்டமும் சீஃப்ஸுக்கே. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று!

உடனே இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கிளப் அவரை வாங்கியது. பிரீமியர் லீக்கில் அவர் இறங்கியது நான்கே ஆட்டம். கோல் இல்லை. பிறகு போர்ச்சுகலின் மரிட்டிமோ, துருக்கியின் பர்சாஸ்போர். எங்கும் பழைய எம்பெசுமா தெரியவில்லை. எதிரணியின் அளவுகோலை எடுத்து வைத்தால் இந்த மனிதரின் கணக்கு என்ன? பூஜ்யம். ஏற்றுக்கொள்வீர்களா நடுவர் அவர்களே?

ஸ்ட்ரைக்கர் தனியாளாகக் கோல் அடிப்பதில்லை. ஓரத்திலிருந்து பந்தை அனுப்பும் விங்கர் தலையை நிமிர்த்தும் அந்த அரை நொடியில் இவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்பது விங்கருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் போஸ்ட்டுக்கா, இரண்டாவது போஸ்ட்டுக்கா, பந்து உயரமாக வேண்டுமா, தரையோடு வேண்டுமா? நாகஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் உள்ள உறவு அது. கூட வாசித்து வாசித்து வருவது. அதை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோக முடியாது. இருபத்தொரு வயதுப் பையனைப் புதிய ஊரில், புதிய குளிரில் இறக்கி, நான்கு ஆட்டம் கொடுத்துவிட்டு "இவனால் முடியாது" என்று எழுதினார்கள். அந்த நான்கு ஆட்டத்தையா அவர் வாழ்க்கை என்கிறீர்கள்?

தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பி வந்தார். ஒரு கிளப் அல்ல, பல கிளப். 2013 ஆப்பிரிக்கக் கோப்பையில், நடப்புச் சாம்பியனான ஜாம்பியாவுக்காக எத்தியோப்பியாவுக்கு எதிராகக் கோல் அடித்தார். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது 2015-16. எம்புமலாங்கா பிளாக் ஏசஸ் என்ற, பணபலம் இல்லாத ஒரு சிறிய அணி. முப்பத்திரண்டு வயது. 14 கோல் அடித்து அந்த சீசனில் லீக்கின் முதல் கோல்வேட்டைக்காரர் அவர்தான். முதல் உச்சத்துக்கும் இதற்கும் நடுவே பதினோரு ஆண்டு! ஐரோப்பா மூடிவிட்ட கணக்கை இந்த மண் திறந்து வைத்திருந்தது.

"உள்ளூர் லீக்தானே, அங்கே யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்" என்றார் இன்னொரு தோழர். உள்ளூரா? இன்றைய வடிவில் அந்தத் தென்னாப்பிரிக்க லீக் தொடங்கியது 1996இல். முதல் சீசனிலேயே அதிக கோல் அடித்தவர் ஜிம்பாப்வேயின் வில்ஃபிரட் முகேயி, 22 கோல். 2018-19இல் ஜாம்பியாவின் ம்வாபே முசோண்டா. அடுத்த சீசனில் மலாவியின் மாங்கோவும் நமீபியாவின் பீட்டர் ஷாலுலிலேயும் 16, 16 என்று சமமாக நின்றார்கள். அந்த வட்டாரமே வந்து மோதுகிற களம் அது. ஷாலுலிலே விண்ட்ஹோக்கிலிருந்து வந்து, ஹைலண்ட்ஸ் பார்க் என்ற சிறிய கிளப்பில் கால் ஊன்றி, மாமெலோடி சன்டவுன்ஸுக்குப் போய் 2021-22இல் 23 கோல் அடித்தார். ஐரோப்பியக் கிளப் எதற்கும் ஆடாமலேயே அந்த உயரத்துக்குப் போனவர்.

இப்போது எதிரணியின் பென்னி மெக்கார்த்தியிடமே வருகிறேன். ஐரோப்பா முழுக்கச் சுற்றிவிட்டு 2011இல் எங்கே வந்தார்? ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவின் ஒர்லாண்டோ பைரேட்ஸுக்கு. அதே 2011-12 சீசனில், டர்பன் அருகே குவாமாஷுவில் பிறந்த சியாபோங்கா நோம்வெத்தே மொரோக்கா ஸ்வாலோஸில் ஆடிக்கொண்டிருந்தார். இருவரும் 1977இல் மூன்று வார இடைவெளியில் பிறந்தவர்கள். நோம்வெத்தேயும் இத்தாலி, ஸ்வீடன், டென்மார்க் என்று ஆடித் திரும்பியவர்தான். பட்டத்துக்கான போட்டி கடைசிவரை போனது. பைரேட்ஸ் முதலிடம், ஸ்வாலோஸ் இரண்டாமிடம். பென்னிக்குப் பட்டம். ஆனால் 20 கோல் அடித்து அந்த ஆண்டின் சிறந்த வீரர் என்ற விருதை வாங்கியவர் நோம்வெத்தே. முப்பத்து நான்கு வயதில்! ஐரோப்பிய அளவுகோலில் பென்னிக்குப் பக்கத்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காதவர், சொந்த மண்ணில் அவரோடு தோளுக்குத் தோள் நின்றார். இந்த ஒரு சீசன் எதிரணியின் கண்ணில் படவேயில்லை.

பணத்தைப் பற்றியும் பேசினார்கள். ஸ்ட்ரைக்கரின் காலம் குறுகியது, ஒரு காயம் போதும், குடும்பம் இருக்கிறது, ஆகவே ஐரோப்பா என்றார்கள். போகட்டும், நன்றாகச் சம்பாதிக்கட்டும். எந்தத் தாயும் தடுக்க மாட்டாள், நானும் தடுக்கவில்லை. எங்கே சம்பாதிப்பது என்பதா இன்றைய தலைப்பு? எங்கே அளப்பது என்பதல்லவா! எம்பெசுமாவின் 25 கோலை எண்ணியவர்கள் சீஃப்ஸின் ஊரான சொவேட்டோவிலும் அவர் ஊரான லுவான்ஷ்யாவிலும் இருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்வதற்கு முன் அவர்கள் கணக்கையும் பாருங்கள் நடுவர் அவர்களே.

மணி அடித்துவிட்டது. அமர்கிறேன். நன்றி, வணக்கம்.